பதினேழாம் எண் கிணற்றின் வாரிசு

நிலத்தடியில் எண்ணெய் இருக்கிறது என்று தெரிந்தால் போதும், சொந்தம் கொண்டாட நாலு திசையிலிருந்தும் ஆள் வரும். அதுவரை முகம் காட்டாத ஒன்றுவிட்ட சித்தப்பாகூட வருவார். எண்ணெய் வற்றி வெறும் துளை மிஞ்சிவிட்டால், அதைத் தோண்டிய கம்பெனியே "இது யார் வீட்டுப் பிள்ளை?" என்று கேட்கும். அப்படி நடுத்தெருவில் விடப்பட்ட துளைகளுக்கு அப்பன் பெயர் கண்டுபிடிப்பதுதான் வாரிசக்காவின் உத்தியோகம்.

கிணறுகள் பதிவு அலுவலகத்தில் அவருக்கு நீளமான ஒரு பதவிப் பெயர் உண்டு. அதை யாரும் சொன்னதில்லை. கதவு திறக்கும் ஊழியர் முதல் பெரிய அதிகாரி வரை எல்லோருக்கும் அவர் வாரிசக்காதான். பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற அவருடைய கணவர் மட்டும், ஊரிலுள்ள ஓட்டைக்கெல்லாம் வாரிசு தேடுகிறவள் தன் வீட்டுச் சமையலறைக் குழாய் ஒழுகுவதைப் பார்க்க மாட்டேன் என்கிறாளே என்று இருபத்தொன்பது வருடமாகக் கேலி செய்துகொண்டிருந்தார். குழாயும் இருபத்தொன்பது வருடமாக ஒழுகிக்கொண்டிருந்தது.

அந்த வேலையின் சூட்சுமம் இதுதான். ஒரு கம்பெனி துளை போடும். வரும்படி குறைந்ததும் தன்னைவிடச் சின்ன கம்பெனியின் தலையில் கட்டும். அது இன்னும் சின்னதன் தலையில். கடைசியாக வாங்கினவரிடம் ஒரு பெயர்ப்பலகையும் ஒரு மேசையும்தான் இருக்கும். ஒருநாள் அவையும் காணாமல் போகும். துளை மட்டும் போட்ட இடத்திலேயே கிடக்கும். மூடாமல் விட்டால் வாயு கசியும், உப்புநீர் குடிநீரில் கலக்கும், யாரோ அடுப்பு பற்றவைக்கும்போது கூரை பறக்கும். சட்டம் என்னவோ தெளிவாகத்தான் சொல்கிறது: கடைசியாக அதிலிருந்து எடுத்தவர் மூட வேண்டும், அவர் இல்லையென்றால் அவருக்கு முந்தினவர், ஒருவருமே இல்லையென்றால் அரசாங்கம். அந்தக் 'கடைசியாக எடுத்தவர்' யார் என்பதில்தான் கூத்தே.

நதிமூலம் ரிஷிமூலம் பார்க்கக்கூடாது என்பார்கள். கிணற்றுமூலம் பார்த்தே வாழ்ந்தவர் வாரிசக்கா. அவர் பார்க்கிற விதத்தைப் பார்த்தால் வாயடைத்துப் போகும். வெவ்வேறு ஊரில் இருந்த இரண்டு கம்பெனிகள் உண்மையில் ஒன்றுதான் என்று ஒருமுறை நிரூபித்தார். எப்படி? இரண்டின் கடிதங்களிலும் ஒரே எழுத்து வரியைவிட்டு ஒரு மயிரிழை மேலே ஏறியிருந்தது. ஒரே தட்டச்சு இயந்திரம். இன்னொரு முறை, செத்துப்போன மேலாளர் செத்த பிறகும் மூன்று பத்திரங்களில் கையெழுத்துப் போட்டிருப்பதைக் கண்டுபிடித்து, ஒரு பெரிய கம்பெனியை இருபது கிணறுகளை மூட வைத்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வக்கீல்களெல்லாம் அவர் மேசைக்கு வரும்போது கொஞ்சம் குனிந்தே வருவார்கள்.

அப்பேர்ப்பட்டவரின் மேசைக்கு ஒருநாள் காலை ஒரு தையல்காரம்மா வந்து நின்றார். கழுத்தில் அளவு நாடா தொங்கிக்கொண்டிருந்தது. கழற்றி வைக்க மறந்து அப்படியே பஸ் ஏறி வந்திருக்கிறார். கையில் அலுவலகத்தின் நோட்டீஸ். அவர் வீட்டுப் பின்கட்டில் இருக்கும் பதினேழாம் எண் கிணறு கசிகிறது. மழை பெய்தால் துளையைச் சுற்றித் தண்ணீர் கொப்பளிக்கிறது. முப்பத்தைந்து வருடத்துக்கு முன் கம்பெனி காலி செய்து போனபோது, அவருடைய கணவர் வீட்டு அடுப்புக்கு வாயு எடுத்துக்கொள்கிறேன் என்று கையெழுத்துப் போட்டு அந்தக் கிணற்றை வாங்கிக்கொண்டார். ஆகவே கடைசியாக எடுத்தவர் அவர். அவர் இறந்து ஆறு வருடமாகிவிட்டதால் பொறுப்பு மனைவிக்கு. அறுபது நாளுக்குள் மூடாவிட்டால் அரசு மூடிவிட்டு, செலவுக்கு வீட்டை எடுத்துக்கொள்ளும். ஒரு கிணற்றை மூடும் செலவுக்கு அந்த மாதிரி நாலு வீடு வேண்டும்.

தையல்காரம்மா அழவில்லை, கெஞ்சவும் இல்லை. தன் கணவர் கொத்தனார் என்றும், அந்தக் கிணற்றை அவர் இருபத்தெட்டு வருடத்துக்கு முன்பே மூடிவிட்டதாகச் சொல்லிக்கொண்டிருந்தார் என்றும், அலுவலகத்துக்கும் எழுதிக் கொடுத்தார் என்றும் சொன்னார். சொல்லிவிட்டு, "அவரு அப்படித்தாம்மா சொன்னாரு" என்று மறுபடி ஒருமுறை சொன்னார். அந்த இரண்டாவது தடவையில் ஏதோ ஒன்று இடறியது. வாரிசக்கா அதைக் கவனித்தார், ஆனால் என்ன என்று அப்போது புரியவில்லை.

தையல்காரம்மா போனதும் வாரிசக்கா பழைய கோப்பை எடுத்தார். கொத்தனாரின் விண்ணப்பம் இருந்தது. அதன் மேல் ஆய்வாளர் குறிப்பு: 'இடத்தைப் பார்த்தேன். குழாய் திறந்தே இருக்கிறது.' அதற்குக் கீழே சிவப்பு மையில், 'அறிக்கை பொய். நிராகரிக்கப்பட்டது.'

கையெழுத்து வாரிசக்காவுடையது. வேலையில் சேர்ந்து எட்டாவது மாதம். நிராகரிக்கப்பட்டது என்று எழுதினாலே போதும், விதி அவ்வளவுதான் கேட்கிறது. 'பொய்' என்ற சொல்லை யாரும் அவரை எழுதச் சொல்லவில்லை. புதுத் துடைப்பம் நன்றாகப் பெருக்கும் என்பார்களே, அந்த வேகம். அதன் நகல் கொத்தனார் வீட்டுக்குத் தபாலில் போயிருக்கிறது. அப்புறம் கோப்பு கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்து, இப்போது வாயு அதிகமானதும் மேலே வந்திருக்கிறது.

முதலில் அவர் தன்னை நியாயப்படுத்திக்கொள்ளத்தான் பார்த்தார். குழாய் திறந்திருந்தது உண்மைதானே? இன்றைக்கும் கசிகிறதே? ஆனால் மனம் கேட்கவில்லை. கொத்தனாரின் விண்ணப்பத்தை முதன்முறையாக ஒழுங்காக உட்கார்ந்து படித்தார். நான்கு பக்கம். அடியில் அறுநூற்றுப் பன்னிரண்டு மீட்டரில் தொடங்கி மேலே வரை சிமெண்ட் நிரப்பியதை அன்றாடக் கணக்காக எழுதியிருந்தார். வாடகைக்கு எடுத்த இயந்திரம் மூன்றாம் நாள் பழுதானது, இருநூறு மீட்டரில் சிமெண்ட் சரியாக இறுகாததால் ஒரு நாள் காத்திருந்து மறுபடி ஊற்றியது, கூட வேலை செய்த இரண்டு பேரில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தது, எல்லாம் இருந்தது. பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டும் என்பது சரிதான். ஆனால் பொய் சொல்கிறவன் ஒரு வரியில் முடிப்பான்; காய்ச்சலையெல்லாம் எழுதிக்கொண்டிருக்க மாட்டான்.

அறுநூற்றுப் பன்னிரண்டு மீட்டர் என்பது காகிதத்தில் ஒரு எண். நினைத்துப் பார்த்தால் தலை சுற்றும். இருநூறு மாடிக் கட்டடத்தைத் தலைகீழாக மண்ணுக்குள் இறக்கினால் எவ்வளவோ அவ்வளவு. வாய் மட்டும் ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலம். அதற்குள் மனிதன் இரும்பை இறக்கி, மனிதன் என்ற ஒன்றே இல்லாத காலத்திலிருந்து அங்கே அடைந்து கிடந்த வாயுவைத் தொட்டிருக்கிறான். ஒரு கொத்தனார் தன் சொந்தச் செலவில், யாரும் கேட்காமலே, அந்த ஆழத்தை அடியிலிருந்து நிரப்பினேன் என்கிறார். உண்மையாக இருந்தால் எவ்வளவு பெரிய காரியம் என்று வாரிசக்கா யோசித்தார். உண்மையாக இருந்தால் தான் செய்தது எவ்வளவு பெரிய பாவம் என்றும் யோசித்தார்.

மறுநாள் கிணறு மூடும் மேஸ்திரியை அழைத்துக்கொண்டு தையல்காரம்மா வீட்டுக்குப் போனார். மேஸ்திரி முப்பது வருட அனுபவக்காரர். அடுத்தவன் வேலையைப் பாராட்டி ஒரு வார்த்தை சொன்னதாகச் சரித்திரம் இல்லை. பின்கட்டில் புதருக்குள் துருப்பிடித்த குழாய் தரையோடு தரையாக நின்றது. கிட்டே போனால் அழுகின வாடை. மேஸ்திரி எல்லோரையும் கைப்பேசியை அணைக்கச் சொல்லி, தையல்காரம்மாவின் அடுப்பையும் அணைக்கச் சொல்லிவிட்டு, குழாய்க்குள் குண்டு கட்டிய கம்பியை இறக்கினார்.

குண்டு முந்நூற்று எண்பத்து நாலு மீட்டரில் நின்றுவிட்டது. எத்தனை முறை தூக்கிப் போட்டாலும் அதே இடம். மண் சரிந்திருந்தால் மெத்தென்று இறங்கும், இது இரும்பு மேல் இரும்பு விழுகிற மாதிரி நிற்கிறது என்றார் மேஸ்திரி. பதிவு அட்டையில் பதினேழாம் எண்ணின் ஆழம் அறுநூற்றுப் பன்னிரண்டு. கொத்தனார் சொன்னதும் அறுநூற்றுப் பன்னிரண்டு. இந்தக் குழாயோ பாதி வழியிலேயே முடிகிறது, அதில் ஒரு பிடி சிமெண்ட்கூட இல்லை.

வாரிசக்கா குழாயின் விளிம்பில் காதை வைத்துக் கேட்டார். உள்ளேயிருந்து ஒரு மெல்லிய இரைச்சல் வந்துகொண்டே இருந்தது, தூங்குகிறவர் மூச்சு மாதிரி. கிணறுகளைக் காகிதத்தில் மட்டுமே பார்த்துப் பழகிய அவருக்கு உடம்பு சிலிர்த்தது. பூமி மூச்சு விடுவதை அதுவரை அவர் கேட்டதில்லை.

கிணற்றுக்காரன் மறந்தாலும் கருவிக்காரன் மறக்கமாட்டான். இது வாரிசக்காவே கண்டுபிடித்த விதி. அந்தக் காலத்தில் துளை போடுகிறவர்கள் கருவிகளை வாடகைக்கு எடுப்பார்கள். ஒரு கருவி கழன்று துளைக்குள் விழுந்துவிட்டால், கம்பெனி தன் மானம் போகும் என்று எழுதாமல் விடலாம். வாடகைக்குக் கொடுத்தவன் விடுவானா? எப்போதோ ஒரு வழக்கில் பறிமுதலான வாடகைக் கடையின் பதிவேடுகள் அலுவலகத்தின் கீழ்த்தளத்தில் அடுக்கிக் கிடந்தன. நாற்பத்திரண்டு பதிவேடு. வாரிசக்கா மூக்கில் துணி கட்டிக்கொண்டு பதினோரு நாள் அதற்குள்ளேயே கிடந்தார். அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும். பன்னிரண்டாம் நாள் நகர்ந்தது.

'கிணறு எண் 17. பிட் எண் 4073. ஆழம் 384ல் கழன்று விழுந்தது. மீட்க முடியவில்லை.' பிட் என்பது துளை போடுகிற இரும்பு முனை. அறுபத்தொரு வருடத்துக்கு முந்தைய தேதி. அதற்கு அடுத்த வரியில், மறுநாள் தேதியிட்டு, 'அதே இடத்துக்கு எட்டு உருளை, ஒரு நாள் வாடகை.'

அந்த எட்டு உருளையைப் பார்த்ததும் வாரிசக்காவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கருவி சிக்கிய துளையை விட்டுவிட்டு, ரிக் என்கிற துளையிடும் கோபுரத்தை உருளை மேல் ஏற்றிச் சில அடி தள்ளி நிறுத்தி, புதிதாக வேறு துளை போட்டிருக்கிறார்கள். புது எண் கேட்டால் பழைய துளையை மூடச் சொல்வார்கள் என்பதால், புதுத் துளைக்கும் பதினேழு என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ஒரு பிள்ளையைப் புதருக்குள் போட்டுவிட்டு அதன் பிறப்புச் சான்றிதழை அடுத்த பிள்ளைக்குக் கொடுத்த கதை. கம்பெனி கொத்தனாருக்குக் கொடுத்தது இரண்டாவதை. கசிகிறது முதலாவது; அன்று ஆய்வாளர் பார்த்ததும் அதுவாகத்தான் இருக்க வேண்டும். அதை யாரும் யாருக்கும் கொடுக்கவே இல்லை. ஆகையால் அது இன்னமும் கம்பெனியுடையது. அந்தக் கம்பெனியை விழுங்கிய பெரிய கம்பெனி பத்து மாடிக் கட்டடத்தில் சௌக்கியமாக இருந்தது.

பெரிய கம்பெனியின் வக்கீல் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். எவனோ ஒரு கடைக்காரன் அறுபது வருடத்துக்கு முன் கிறுக்கியது சாட்சியாகாது என்றார். 4073 அந்தத் துளைக்குள்தான் இருக்கிறது என்பதை யார் பார்த்தது என்று கேட்டார்.

நியாயமான கேள்விதான். முந்நூற்று எண்பத்து நாலு மீட்டர் ஆழத்தில், தட்டு அகலத் துளைக்குள், இருட்டில் கிடக்கும் இரும்பை யார் பார்க்க முடியும்? வாரிசக்கா மேஸ்திரியைப் பார்த்தார். மேஸ்திரி, பார்க்க முடியாது, ஆனால் தொட்டுப் பார்க்கலாம் என்றார்.

நோட்டீஸின் ஐம்பதாம் நாள் அது நடந்தது. வக்கீலும் வந்திருந்தார். மேஸ்திரி கொண்டுவந்தது ஒரு ஈயக்கட்டி. பெயிண்ட் டப்பா அளவு, அடிப்பக்கம் வழவழவென்று சீவியது. ஈயம் மெத்தென்ற உலோகம். அதைக் கனமான இரும்புத் தண்டில் மாட்டி இறக்கி, கீழே கிடக்கும் பொருளின் மேல் ஒரே ஒருமுறை அழுத்தித் தூக்கினால், அந்தப் பொருளின் தலை ஈயத்தில் பதிந்து வரும். இரண்டாம் முறை இறக்கினால் தடம் குழம்பிவிடும். தொலைந்த கருவிகளைத் தேடுகிறவர்கள் காலங்காலமாகச் செய்கிற முறை.

கம்பி இறங்கிக்கொண்டே இருந்தது. தையல்காரம்மா வாசல் நிலையைப் பிடித்தபடி நின்றார். எண்ணுகிற சக்கரம் முந்நூற்று எண்பத்து நாலைக் காட்டியதும் கம்பி தளர்ந்தது. மேஸ்திரி மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே அழுத்து அழுத்தி, சுற்றச் சொன்னார். ஈயக்கட்டி சேறு வழிய மேலே வந்தது. அதைத் தண்ணீர் ஊற்றிக் கழுவி, குப்புறக் கிடந்ததை மெல்லத் திருப்பி வைத்தார்.

ஈயத்தில் ஒரு வட்ட விளிம்பு பதிந்திருந்தது. விளிம்பின் மேல் நான்கு எண்கள், இடவலம் மாறி. கைப்புண்ணுக்குக் கண்ணாடி வேண்டாம், ஈய அச்சுக்கு வேண்டும். தையல்காரம்மா உள்ளே ஓடி, சட்டை போட்டுப் பார்க்கிறவர்களுக்காக வைத்திருந்த கைக்கண்ணாடியைக் கொண்டுவந்தார். முதல் எண் பாதி தேய்ந்திருந்தது. அதற்குப் பின்னால் சுழியமும் ஏழும் மூன்றும் நேற்றுத்தான் யாரோ சுத்தியலால் பொறித்தது மாதிரி பளிச்சென்று தெரிந்தன.

அறுபத்தொரு வருடமாகச் சூரியனைப் பார்க்காத ஒரு இரும்பு, தன் பெயரைச் சொல்லி அனுப்பியிருந்தது. வாரிசக்கா எத்தனையோ சாட்சிகளைப் பார்த்தவர். இப்படி ஒரு சாட்சி பாதாளத்திலிருந்து ஏறி வந்து தன் முன் உட்காரும் என்று நினைத்ததில்லை. அவருக்குக் கண்ணில் நீர் கட்டியது, துடைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை. வக்கீல் கண்ணாடியை வாங்கி நெடுநேரம் பார்த்தார். பிறகு உட்கார ஒரு நாற்காலி கிடைக்குமா என்று கேட்டார்.

வீடு தப்பிவிட்டது என்றுதானே நினைக்கிறீர்கள்? இனிமேல்தான் வாரிசக்காவுக்கு நிஜமான சோதனை. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாக, ஒன்று இருந்த இடத்தில் இப்போது இரண்டு துளை. இரண்டாவது கொத்தனாருடையதுதான், அதில் சந்தேகமில்லை. அவர் அதை நிஜமாகவே மூடியிருந்தால் சரி. மூடாமல் மண்ணை மட்டும் தள்ளிவிட்டு நாலு பக்கம் எழுதியிருந்தால், வாரிசக்காவே தேடிப்பிடித்து அந்தம்மாவின் வீட்டை அரசுக்குப் பிடுங்கிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும். தேடாமல் விட்டிருக்கலாமே என்றால், அது அவர் சுபாவத்தில் இல்லை.

மேஸ்திரி இரும்பு இருந்தால் கூவுகிற கருவியைத் தரையோடு தரையாக வீசிக்கொண்டு நடந்தார். குழாயிலிருந்து கிழக்கே பதினோரு அடி வைத்ததும் அது கூவியது. அங்கே இருந்தது துணி துவைக்கிற கல். அதை அங்கே கொண்டுவந்து போட்டதே தன் கணவர்தான் என்று தையல்காரம்மா சொன்னார். இத்தனை வருடமும் அதன் மேல்தான் துவைத்திருக்கிறார். கல்லைப் புரட்டிவிட்டு ஒரு மீட்டர் தோண்டினார்கள். விதி சொல்கிற ஆழம் அதுதான். மண்வெட்டி டங்கென்று எதிலோ பட்டது. குழாயின் வாயில் ஒரு இரும்புத் தகடு, சுற்றிலும் இடைவெளியில்லாமல் பற்றவைத்தது. தகட்டின் மேல், பற்றவைப்புக் கம்பியாலேயே எழுதிய எண் 17. அதற்குக் கீழே தேதி. விண்ணப்பத்தில் இருந்த அதே தேதி.

மேஸ்திரி வாயுமானியை வைத்துப் பார்த்தார். முள் அசையவில்லை. தகட்டில் சிறு துளையிட்டு உள்ளே வைத்துப் பார்த்தார், அப்போதும் அசையவில்லை. துளைக்குள் கம்பியை விட்டார். விரல் நீளம்கூட இறங்காமல் சிமெண்டில் முட்டியது. அவர் குழிக்குள்ளேயே குந்தியபடி கொஞ்ச நேரம் தகட்டைத் தடவிக்கொண்டிருந்தார். "இதை மூடினவரு வேலைக்காரரு" என்று மட்டும் சொன்னார்.

எல்லோரும் போன பிறகு வாரிசக்கா தையல் அறைக்குள் போனார். தையல் இயந்திரத்தில் பாதி தைத்த சட்டைக்கை ஊசியோடு நின்றது. தையல்காரம்மா நாற்காலியைத் துடைத்துப் போட்டு, வீடு போகாது இல்லையா என்று கேட்டார். போகாது, இரண்டுக்கும் உங்களுக்கும் சம்பந்தமில்லை, ஒன்று கம்பெனியுடையது, இன்னொன்று மூடியாகிவிட்டது என்றார் வாரிசக்கா. அத்தோடு எழுந்து போயிருக்கலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் அவர் பையிலிருந்து பழைய விண்ணப்பத்தை எடுத்து மேசைமேல் வைத்து, சிவப்பு மை வரியின் மேல் விரலை வைத்தார்.

"இதை எழுதினது நான்தாம்மா. 'பொய்'னு எழுதினது. அவரு சொன்னது அத்தனையும் நெசம். நான் படிக்கக்கூட இல்ல."

தையல்காரம்மா திட்டுவார் என்று எதிர்பார்த்தார். திட்டினால் ஆறுதலாகக்கூட இருந்திருக்கும். தையல்காரம்மா எழுந்து போய், நூல்கண்டுகள் கிடந்த இழுப்பறையின் அடியிலிருந்து மடித்த ஒரு காகிதத்தை எடுத்துவந்தார். அதே வரியின் நகல். மடிப்பில் கிழிந்து, பின்பக்கம் துணி ஒட்டித் தைத்திருந்தது.

"இது வந்த அன்னிக்கு, எங்கிட்ட கொண்டுவந்து காட்டி, நான் மூடிட்டேன்டி, நீயாவது நம்புன்னாரு. ஆபீஸ்ல பொய்னு எழுதியிருக்காங்களே, அவங்க என்ன மடையங்களான்னு கேட்டேன். அதுக்கப்புறம் அவரு அதப்பத்திப் பேசவே இல்லக்கா. சாகுற வரைக்கும் பேசல."

முதன்முதலில் வந்த அன்று தையல்காரம்மா இரண்டாம் முறை 'அவரு அப்படித்தாம்மா சொன்னாரு' என்றபோது அலுவலகத்தில் இடறியது என்ன என்பது வாரிசக்காவுக்கு இப்போது புரிந்தது. தையல்காரம்மா அந்தத் தைத்த காகிதத்தை மறுபடி மடித்தார். புதுக் கடிதம் அனுப்புவீர்கள் இல்லையா, அதைத் தன் பேருக்கு அனுப்ப வேண்டாம், அவர் பேருக்கே அனுப்புங்கள் என்றார்.

இறந்தவர் பெயருக்கு அலுவலகக் கடிதம் போகக் கூடாது என்று விதி இருக்கிறது. இருபத்தொன்பது வருடத்தில் ஒரு விதியையும் மீறாத வாரிசக்கா அன்று மாலை அதை மீறினார். சிவப்பு வரியை அடித்து, பக்கத்தில் 'என் தவறு' என்று எழுதிக் கையெழுத்திட்டார். பிறகு கொத்தனாரின் பெயரை முழுதாக எழுதி, கீழே எழுதினார்: 'தாங்கள் கொடுத்த அறிக்கை உண்மை. பதினேழாம் எண் கிணறு தங்களால் முறைப்படி மூடப்பட்டது. ஏற்றுக்கொள்ளப்பட்டது.'

நாலு நாள் கழித்துத் தபால்காரர் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். தையல்காரம்மா ஊசியை நிறுத்திவிட்டு வந்து, அவருக்குப் பதில் தான் வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். பெறுபவருக்கு உறவு என்ற கட்டத்தில் மனைவி என்று எழுதினார். பிறகு பின்கட்டுக்குப் போய், பழைய இடத்திலேயே திரும்பப் போட்டிருந்த துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்து, கடிதத்தைச் சத்தமாக ஒருமுறை படித்தார்.